வாங்காத கேனுக்கு யார் காசு கொடுப்பது?

தண்டையார்பேட்டையில் எங்கள் ஃபிளாட்ஸில் 64 வீடுகள். போர் தண்ணீர் உப்பும் மஞ்சளுமாக வரும். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் வெள்ளையாகத் திட்டு நிற்கும். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். "மெஷின் எங்களோடது, ரிப்பேர் எங்களோடது, உங்களுக்கு ஒரு பைசா முதலீடு இல்லை" என்றார். மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தைக் காலி செய்து ஆர்ஓ மெஷினை வைத்தார்கள். இடமும் கரண்டும் போர் தண்ணீரும் எங்களுடையது. 20 லிட்டர் கேன் 12 ரூபாய். வெளியே 30, 35 என்று விற்றுக்கொண்டிருந்த நேரம், யார் வேண்டாம் என்பார்கள்? ஒப்பந்தத்தின் மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: தினமும் குறைந்தது 70 கேன் எடுக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு. அசோசியேஷன் பொருளாளராகக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

முதல் இரண்டு வருடம் 70 கேன் போதவில்லை. அப்புறம் எங்கள் தெருவில் மெட்ரோ தண்ணீர்க் குழாயை மாற்றினார்கள். தண்ணீர் நன்றாக ஏறியது. பலர் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்தார்கள். விற்பனை 40 கேனுக்கு இறங்கியது, பில் மட்டும் 70-லேயே நின்றது. வாங்காத 30 கேனுக்கு நாளைக்கு 360 ரூபாய், மாதம் 10,800. வீட்டுக்கு 169 ரூபாய் மெயின்டனன்ஸில் ஏறியது. கூட்டத்தில் மூன்றாவது மாடி அக்கா எழுந்து, "நான் வாங்காத கேனுக்கு நான் எதுக்குண்ணா காசு தரணும்?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

இப்போது எங்கள் பக்கத்து நலச் சங்கங்கள் சேர்ந்து ஒரு மனு எழுதப்போகின்றன. வட சென்னைக்கு அடுத்து வருவது தண்ணீர் ஆலையோ, சாலையோ, குப்பை ஆலையோ, அதை எந்த முறையில் கட்டி நடத்தச் சொல்லிக் கேட்பது என்பதுதான் பேச்சு. தனியார் வாசனையே கூடாது என்று ஒரு கட்சி. அரசு கையில் விட்டால் விளங்காது என்று இன்னொரு கட்சி. கணக்கு எழுதிப் பழகியவன் என்பதால், இருக்கிற முறைகளை ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லி என் தலையில் கட்டினார்கள். டெண்டர் ஆவணங்களில் பி.ஓ.டி., பி.ஓ.ஓ.டி., ஹெச்.ஏ.எம்., டி.பி.ஓ. என்று எழுத்துக்கூட்டமாக இருக்கும். அதையெல்லாம் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொன்றிடமும் நான் அந்த அக்கா கேட்ட கேள்வியைத்தான் கேட்டேன்: மெஷின் சும்மா நின்றால் காசு யாருடையது?

காட்டுப்பள்ளியில் ஓடும் பெரிய மெஷின்

நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. மீஞ்சூர் ஆலை என்று பெயரே தவிர, கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலை இருப்பது காட்டுப்பள்ளிக் கடற்கரையில். ஹைதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனமும் ஸ்பெயினின் பெஃபெசாவும் சேர்ந்து இதற்கென்றே ஒரு தனிக் கம்பெனி தொடங்கி, சொந்தப் பணமும் வங்கிக் கடனும் போட்டுக் கட்டின. 2010 ஜூலையில் திறந்தார்கள். நாளைக்கு 10 கோடி லிட்டர். கட்டுவது, சொந்தமாக வைத்திருப்பது, நடத்துவது, கடைசியில் ஒப்படைப்பது என்ற முறை, பி.ஓ.ஓ.டி. என்பது இதுதான். குடிநீர் வாரியம் 25 வருடம் தண்ணீரை வாங்க ஒப்புக்கொண்டது. எடுத்தாலும் காசு, எடுக்காவிட்டாலும் காசு. எங்கள் 70 கேன்தான், கொஞ்சம் பெரிய அளவில்.

தொடக்க விலை ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 49 ரூபாய். முழு அளவு எடுத்தால் நாளைக்கு 49 லட்சம், வருடத்துக்குச் சுமார் 179 கோடி. மீட்டர் இல்லாத வீடுகளிடம் வாரியம் பல வருடம் வாங்கியது மாதம் 50 ரூபாய். இந்த ஆலையின் விலையில் 50 ரூபாய்க்கு ஆயிரம் லிட்டர்தான் வரும். ஒரு குடும்பம் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடும் அளவு. மீதி நாட்களின் தண்ணீருக்கு வாரியத்தின் கஜானாதான் பொறுப்பு. அந்தக் கஜானா யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பலர் ஆலையைத் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். என்னால் அது முடியவில்லை, ஏனென்றால் 2019 கோடை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிவிட்டன. லாரி வருகிறது என்று யாராவது குரல் கொடுத்தால், கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கை கழுவாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய கோடை அது. அன்றைக்கு நகரத்துக்கு நம்பிக்கையாக வந்துகொண்டிருந்த தண்ணீரில் காட்டுப்பள்ளித் தண்ணீரும் ஒன்று. அப்படிப் பார்த்தால், ஏரி நிரம்பிய வருடத்தில் கொடுக்கும் காசு இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. இன்ஷூரன்ஸ் எடுப்பது தப்பில்லை. எவ்வளவுக்கு, எத்தனை வருடத்துக்கு எடுக்கிறோம் என்பதில்தான் ஏமாறுவோம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018-ல் ஐ.வி.ஆர்.சி.எல். திவால் நடவடிக்கைக்குள் போனது. பெஃபெசாவின் தாய் நிறுவனமாக இருந்த அபெங்கோவா அதற்கு முன்பே, 2015 கடைசியில், கடன் சுமையில் தத்தளித்தது. இரண்டு பெற்றோரும் படுத்துவிட்டார்கள், ஆனாலும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஆலையின் வரவுசெலவு தனிக் கம்பெனிக்குள் பூட்டப்பட்டிருந்ததுதான் காரணம். கடன் கொடுத்த வங்கிக்கு ஆலை ஓடினால்தான் பணம் வரும், அதனால் அது கண் கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் இந்த முறை அரசு அலுவலகத்தைவிட ஒரு படி மேல்.

எனக்கு உறுத்துவது கடைசி வருடங்கள்தான். 25 வருடம் என்றால் 2035 வாக்கில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் பம்பும், உப்பை வடிகட்டும் மெம்பிரேனும் எந்த நிலையில் இருக்கும்? எங்கள் மெஷின் கதையைச் சொல்கிறேன். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கும்போதே கம்பெனிக்காரர்கள் மெம்பிரேன் மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் 200 ரூபாய்க்கு வாங்கி நானே விட்டுப் பார்த்தேன். 60, 70 காட்ட வேண்டியது 410 காட்டியது. போன் செய்தால், "ஆள் வந்துட்டிருக்கார் சார்." கடைசி வரை வரவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடைசி வருடத்தின் தரத்துக்கு ஒப்பந்தத்தில் ஒரு பைசாவைக்கூட நான் பிடித்து வைக்கவில்லை. நாளை போகிறவர் இன்றைக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பாரா?

இந்த வகையில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவமும் உண்டு. பேசின் பிரிட்ஜில் 1990-களின் கடைசியில் ஜி.எம்.ஆர். நிறுவனம் கட்டிய 196 மெகாவாட் மின் நிலையத்தோடு மின்வாரியம் 15 வருட ஒப்பந்தம் போட்டது. அது கன எண்ணெயில் ஓடுவது. எண்ணெய் விலை ஏறினால் அந்த ஏற்றம் மின்சார விலையில் வந்து விழும். கரண்ட் இல்லாமல் தவித்த காலத்தில் அவசரத்துக்கு வாங்கியது. அவசரத்துக்கு வாங்கிய கடன் மாதிரியே வளர்ந்தது. திருப்பூர்க் கதை நேர் எதிர். பனியன் கம்பெனிகளையும் சாய ஆலைகளையும் நம்பி, நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் குடிநீர்த் திட்டத்தைத் தனியார் பங்கோடு கட்டினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. தண்ணீர் இருந்தது, வாங்க ஆள் இல்லை. யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. ஊரின் தலைவிதி ஒரு தீர்ப்பில் மாறிவிட்டது. இருபது வருடத்துக்கு "இவ்வளவு தேவைப்படும்" என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று இதிலிருந்து தெரியும்.

சாலையில் அதே கேள்வி

சாலைக்கு வந்தால் கேன் இடத்தில் வண்டி. கம்பெனியே கட்டி, டோல் வசூலித்து நடத்தி, கடைசியில் ஒப்படைப்பது பி.ஓ.டி. சுத்தமான பி.ஓ.டி. டோல் முறையில் வண்டி வராவிட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பு வேறு. வண்டி குறையும் என்று தெரிந்தால் வங்கி கடன் தராது, வேலை பாதியில் நிற்கும். அல்லது குறையாமல் இருக்க ஒப்பந்தத்திலேயே ஒரு மாயம் செய்து வைப்பார்கள். டில்லி - நொய்டா மேம்பாலச் சாலையில் அதுதான் நடந்தது. மொத்தச் செலவின் மேல் வருடத்துக்கு 20 சதவீத லாபம் என்று உறுதி கொடுத்தார்கள். வராத லாபம் செலவோடு சேரும், சேர்ந்த செலவுக்கு மறுபடி 20 சதவீதம். கந்துவட்டி கேள்விப்பட்டவர்களுக்கு விளக்க வேண்டாம். 2016-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் டோலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நம் வாசலில் துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் அடிக்கல். பி.ஓ.டி. முறை. கூவத்துக்குள் தூண் போட்டது அனுமதித்த மாதிரி இல்லை என்று 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-ல் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியும் பழைய வேகம் வரவில்லை. தூண்கள் மட்டும் பத்து வருடத்துக்கும் மேல் கூவத்தில் நின்றன. 2022 மே மாதம் துறைமுகம், தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநில அரசு, கடற்படை நான்கும் புதிதாக ஒப்பந்தம் போட்டு, இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். இந்த முறை பி.ஓ.டி. கிடையாது, அரசுப் பணத்தில், கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் முறை. 1,800 கோடி என்று பேசிய சாலை 5,000 கோடியைத் தாண்டியது. அந்தப் பதின்மூன்று வருடமும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூவீலர் ஓட்டிய பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பயத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது.

நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரை வருகிற வெளிவட்டச் சாலையின் இரண்டாம் கட்டம் ஆனுவிட்டி முறை. கம்பெனி கட்டும், பராமரிக்கும். அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்த தொகை கொடுக்கும். வண்டி வந்தாலும் வராவிட்டாலும் கம்பெனிக்குக் கவலை இல்லை. அக்காவின் கேள்விக்கு இங்கே பதில்: அரசு, முழுக்க முழுக்க. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஹைப்ரிட் ஆனுவிட்டியில், அதாவது ஹெச்.ஏ.எம்.மில், கட்டும்போதே 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும், மீதி 60-ஐ 15 வருடத்தில் வட்டியோடு தவணையாக. கம்பெனி வாங்கும் கடன் குறைவதால் வேலை நடுவில் நிற்பது குறைகிறது. வண்டி எண்ணிக்கை பற்றிய ஜோசியம் கம்பெனி தலையில் இல்லை. ஜோசியம் பார்க்கத் தெரியாதவர் தலையில் அதை வைத்தால் அதற்கும் சேர்த்து விலை போடுவார், அவ்வளவுதான்.

சிலி நாட்டில் 1998-ல் சாண்டியாகோ - வால்பரைசோ சாலைக்கு ஒரு வித்தியாசமான டெண்டர் விட்டார்கள். யார் குறைந்த மொத்த வசூல் போதும் என்கிறாரோ அவருக்குச் சாலை. அந்தத் தொகை, இன்றைய மதிப்பில், வந்து சேர்ந்த அன்று ஒப்பந்தம் முடிந்துவிடும். வண்டி நிறைய வந்தால் சீக்கிரம் கிளம்ப வேண்டும், குறைந்தால் கூடுதல் காலம் இருக்கலாம். வருடத்தை முன்கூட்டியே எழுதுவதில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. எங்கள் மெஷினுக்கும், "மொத்தம் ஒரு லட்சம் கேன், எப்போது முடிகிறதோ அப்போது மெஷின் எங்களுடையது" என்று எழுதியிருந்தால் அக்காவிடம் நான் தலை குனிந்து நின்றிருக்க மாட்டேன்.

அரசே செய்தால்?

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தது. சென்னை மெட்ரோ மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி. ஜப்பானியக் கடன் பெரும்பங்கு. ஹைதராபாத் மெட்ரோவை எல் அண்ட் டி தன் பொறுப்பில் கட்டி நடத்தியது. பயணிகள் எதிர்பார்த்தபடி வரவில்லை, நடுவில் கோவிட் வேறு. 2025 செப்டம்பரில், சுமார் 13,000 கோடிக் கடனோடு அதைத் தெலங்கானா அரசு எடுத்துக்கொள்வதாக முடிவானது. மெட்ரோ ரயிலை இழுத்து மூட எந்த அரசாலும் முடியாது. ஆபத்து தனியாருடையது என்று காகிதத்தில் எழுதினாலும், தண்டவாளம் ஊருக்குள் ஓட ஆரம்பித்த பிறகு அது அரசுடையதுதான். பெரிய திட்டங்களில் "நஷ்டம் அவர்களுக்கு" என்ற வாக்கியத்தை நான் இப்போதெல்லாம் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அரசுக் கடனுக்கு வட்டி குறைவு. 1,000 கோடிக்கு ஒரு சதவீத வித்தியாசம் என்றால்கூட வருடத்துக்கு 10 கோடி. தனியாருக்குக் கிடைக்கும் வட்டியில் வித்தியாசம் அதைவிட அதிகமாகவே இருக்கும். பிறகு ஏன் அரசுகள் தனியார் பக்கம் ஓடுகின்றன? தனியார் பெயரில் வாங்கிய கடன் அரசின் கடன் கணக்கில் தெரியாது. திறப்பு விழா இந்த ஆட்சியில், தவணை அடுத்த நாலு ஆட்சியில். பிரிட்டன் 1992-லிருந்து இப்படிப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கட்டித் தள்ளியது. 2018 ஜனவரியில் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கூட்டிப் பார்த்தபோது 700-க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள். இனிக் கொடுக்க வேண்டிய பாக்கி 19,900 கோடி பவுண்டு, 2040-கள் வரை. அதே வருடம் அக்டோபரில் இனிப் புதிதாக வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அதற்காக "அரசே எல்லாம்" என்று மனுவில் எழுதவும் எனக்குக் கை வரவில்லை. கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் முறையில் கான்ட்ராக்டருக்குப் பில் பாஸானால் போதும். பத்தாவது வருடம் பம்ப் ஓடுமா என்பது அவர் கவலையில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் போய் நின்று பார்த்தவர்களுக்கு, கட்டுவதும் ஓட்டுவதும் வேறு வேறு வேலை என்று புரிந்திருக்கும்.

வாரியமே கற்றுக்கொண்ட பாடம்

இங்கேதான் இன்னொரு முறை வருகிறது. அரசுப் பணம், தனியார் கை. வடிவமைப்பதும் கட்டுவதும் நீண்டகாலம் ஓட்டுவதும் ஒரே கம்பெனி. ஆலை முதல் நாளிலிருந்தே அரசுடையது. டி.பி.ஓ. என்பது இதுதான். காட்டுப்பள்ளிக்குப் பிறகு குடிநீர் வாரியம் என்ன செய்தது என்று பாருங்கள். 2013-ல் திறந்த நெம்மேலி முதல் ஆலை மத்திய அரசு நிதியில் கட்டியது. கட்டிய நிறுவனமே சில வருடம் ஓட்டியது. 2024 பிப்ரவரியில் திறந்த 15 கோடி லிட்டர் ஆலை ஜெர்மன் வங்கிக் கடனில். பேரூரில் 40 கோடி லிட்டருக்கு எழும்பும் ஆலை ஜப்பானியக் கடனில். பின்னவை இரண்டிலும் கட்டுபவரே 20 வருடம் ஓட்டுவார். காட்டுப்பள்ளிக்குப் பிறகு மறுபடி ஒருமுறைகூடக் கட்டி-சொந்தமாக்கி-விற்கும் முறைக்கு வாரியம் போகவில்லை. வாயால் சொல்லாவிட்டாலும், தீர்ப்பு இதில் இருக்கிறது.

கொடுங்கையூரில் 2019-ல் வந்த ஆலையையும் இதில் சேர்க்கலாம். சாக்கடை நீரைப் பல கட்டமாகச் சுத்தம் செய்து, நாளைக்கு 4.5 கோடி லிட்டர் மணலி தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறது. அந்த அளவு நல்ல தண்ணீர் நம் குழாய்க்கு மிச்சம். ஒவ்வொரு தடவை மாதவரம் பக்கம் போகும்போதும், கடலிலிருந்து உப்பெடுக்கும் செலவைவிட, நாம் கொட்டிய தண்ணீரையே திருப்பி எடுப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் இதற்கு ரிப்பன் வெட்டும் கூட்டம் குறைவு.

டி.பி.ஓ.வில் மெஷின் சும்மா நின்றால்? முதலீட்டுக் கடனை எப்படியும் அரசு கட்ட வேண்டும், அது உண்மை. ஆனால் வட்டி குறைவு. ஓட்டும் காசை, ஓடிய அளவுக்குப் பெரும்பகுதி கொடுக்கும்படி எழுதலாம். மழை வருடத்தில் பாதி வேகத்தில் ஓட்டச் சொன்னால் கரண்ட் செலவாவது மிச்சமாகும். கம்பெனி சரியில்லை என்றால் மாற்றலாம்; ஆலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மெத்தனமான கான்ட்ராக்டரை வீட்டுக்கு அனுப்புவது எளிது, வீட்டுச் சொந்தக்காரரை அனுப்புவது கஷ்டம். வெளிநாட்டுக் கடனில் ஒரு வில்லங்கம் உண்டு: ரூபாய் சரிந்தால் சுமை ஏறும். அதையும் மனுவில் ஒரு வரி கேட்டு வைக்கலாம்.

எதற்குக் காசு என்பதுதான் குப்பையில் எல்லாம்

குப்பையில் முறையைவிட அளவுகோல் முக்கியம். 2000-ல் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ள ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனி வந்தது. டன்னுக்கு இவ்வளவு என்று காசு. எடைக்குக் காசு கொடுத்தால் எடைதான் வரும். தரம் பிரித்த குப்பை எடை குறையும், அதைப் பிரிக்க யாருக்கு ஆசை வரும்? பிறகு வந்த ஒப்பந்தங்களில் தெரு சுத்தமா, வீட்டுக்கு வீடு வந்தார்களா என்று பார்த்துக் காசு கொடுக்கும் அளவுகோல்கள் சேர்ந்தன. நல்ல மாற்றம்தான், பார்க்க ஆள் இருந்தால்.

ஆனால் ஒப்பந்தத்தில் பெயரே வராத ஒரு தரப்பு உண்டு. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுத்தபோது, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். கையில் வரும் சம்பளம் 22,000 சொச்சத்திலிருந்து 16,000 சொச்சத்துக்கு இறங்கும் என்றார்கள். கடைசியில் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். டெண்டரில் மிச்சம் என்று காட்டும் தொகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மெஷினிலிருந்தா, இந்தச் சம்பளத்திலிருந்தா என்று பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். சம்பளத்திலிருந்து என்றால் அதற்குப் பெயர் திறமை இல்லை. என் கருத்து இதில் தெளிவு: தெரு பெருக்கும் வேலையில் மெஷின் குறைவு, ஆள்தான் அதிகம். தனியார் கொண்டுவரும் தொழில்நுட்பம் இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. மாநகராட்சியே வைத்துக்கொள்ளட்டும். காட்டுப்பள்ளிக் கடலோர மீனவர்களும் இப்படி ஒரு தரப்புதான். ஆலை திருப்பி விடும் உப்புக் கரைசலைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஒப்பந்தத்தில் நாற்காலி கிடையாது.

கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 2025-ல் நம் பக்கத்துச் சங்கங்கள் மனிதச் சங்கிலி போட்டன. புகை, சாம்பல் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் இருக்கட்டும். நான் ஒப்பந்தக் கணக்கை மட்டும் சொல்கிறேன். உலை அணையக் கூடாது, அதற்குத் தினமும் இத்தனை டன் குப்பை வேண்டும். இந்த மாதிரி ஆலை போடும் எந்தக் கம்பெனியும் நீண்டகாலக் குப்பை உத்தரவாதம் கேட்கும். இல்லாவிட்டால் வங்கி கடன் தராது. நாளைக்கு நம் வீடுகள் ஒழுங்காகத் தரம் பிரித்து, ஈரக் குப்பை உரமாகி, எரிக்கக் குப்பை குறைந்தால்? நாம் நல்ல பிள்ளைகளாக நடந்ததற்கு மாநகராட்சி அபராதம் கட்ட வேண்டிவரும். வாங்காத கேனைவிட மோசம் இது, போடாத குப்பைக்குக் காசு. அப்படி ஒரு உத்தரவாதம் இருக்கிற எந்த வரைவையும் எதிர்க்க வேண்டும் என்பது என் பக்கத்து ஓட்டு.

கையெழுத்துக்குப் பிறகு

சரி, எந்த முறை எடுத்தாலும் அதை நிர்வகிக்கப்போவது யார்? தமிழ்நாட்டில் இதற்கென்று 2012-ல் உள்கட்டமைப்பு மேம்பாட்டுச் சட்டம் வந்தது, ஒரு வாரியமும் இருக்கிறது. திட்டத்தைத் தேர்ந்தெடுக்க, டெண்டர் விட விதிகள் உண்டு. சிக்கல் டெண்டருக்குப் பிறகு. மூன்று வருடத்தில் மாறிப்போகும் அதிகாரி ஒரு பக்கம், 25 வருடமும் மாறாத கம்பெனி வக்கீல் மறுபக்கம். பழைய கடிதம் எந்த ஃபைலில் என்று தேடுவதற்குள் இவர் மாற்றலாகிவிடுவார். டில்லி விமான நிலைய மெட்ரோவில் 2012-ல் தொடங்கிய சண்டை, நடுவர் தீர்ப்பு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கி 2024 ஏப்ரலில்தான் முடிந்தது. 2015-ல், தனியார் பங்குத் திட்டங்களை ஆராய மத்திய அரசு அமைத்த கேல்கர் குழு, நீண்டகால ஒப்பந்தங்களில் நிலைமை மாறினால் திருத்திக்கொள்ள முன்கூட்டியே விதி வேண்டும் என்று சொன்னது. விதி இல்லாவிட்டால் திருத்தம் நடக்காமல் போவதில்லை. மூடிய கதவுக்குள் நடக்கும்.

அதனால் மனுவில் முறையின் பெயரைவிட இவைதான் முன்னால் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்பந்தம் முழுசாக, இணைப்புகளோடு, தமிழில் வெளியாக வேண்டும். ஆலை வாசல் மீட்டரின் ரீடிங்கும் அந்த மாதம் கொடுத்த தொகையும் மாதாமாதம் தெரிய வேண்டும், தெருவில் இருக்கிற டீக்கடைக்காரர் படித்தாலும் புரிகிற மாதிரி. கடைசி மூன்று வருடத்தின் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, ஒப்படைக்கும் நாளில் வெளி இன்ஜினியர் பார்த்த பிறகே விட வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு முதல் நாளே இருக்க வேண்டும். தண்ணீருக்கு டி.பி.ஓ., அதிலும் கொடுங்கையூர் மாதிரி மறுசுழற்சிக்கு முதல் இடம். சாலைக்கு ஹைப்ரிட், துணிச்சல் இருந்தால் சிலி வழி. தனியார் வேண்டாம் என்ற கட்சிக்கு இது போதாது. அரசு விளங்காது என்ற கட்சிக்கு இது அதிகம். இரண்டு பக்கமும் முணுமுணுக்கிறார்கள்.

எங்கள் மெஷின் விஷயமும் ஒரு வழியாக முடிந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் மூன்று கொட்டேஷன் வாங்கினோம். இலவச மெஷின் என்று வந்த இரண்டையும் அக்காவே எழுந்து வேண்டாம் என்றார். வீட்டுக்கு 3,500 போட்டு மெஷினை நாங்களே வாங்கினோம்; சர்வீஸுக்கு ஓர் ஆளை மாதக் காசுக்கு வைத்திருக்கிறோம், டி.டி.எஸ். 100-ஐத் தாண்டினால் அந்த மாதம் பாதிதான். மெஷின் பக்கத்தில் கயிறு கட்டி ஒரு நோட்டும் பேனாவும் தொங்குகின்றன. தினமும் காலையில் கேன் எண்ணிக்கையும் டி.டி.எஸ்.ஸும் எழுத வேண்டும், வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை. இந்த வாரம் இரண்டாவது மாடி. திங்களும் செவ்வாயும் எழுதியிருக்கிறார்கள். புதனிலிருந்து காலி. கேட்டால், "எப்பவும் அதே அம்பதுதானே சார் வருது" என்கிறார்கள்.